வயலட் பூக்கள்: உங்கள் ஊருக்கு ஏற்றது எது?

மே மாதத்தில் உதகமண்டலம் மலர்க்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரில் பலர், கையில் ஒரு பூந்தொட்டியுடன்தான் மலை இறங்குகின்றனர். ஊதாவும் மஞ்சளுமாக, பூனைக்குட்டி முகம் போல நம்மை நிமிர்ந்து பார்க்கும் பான்சி பூவைக் கண்டபின் வெறுங்கையோடு வருவது கடினம்தான். ஆனால் ஈரோட்டுக்கோ மதுரைக்கோ வந்து சேர்ந்த முதல் வாரத்தில் பூ சிறுத்துவிடுகிறது. இரண்டாம் வாரத்தில் தண்டு நீண்டு தளர்கிறது. மாதம் முடிவதற்குள் தொட்டியில் மண் மட்டுமே மிஞ்சுகிறது. "என்ன உரம் வைக்கலாம், எந்த மருந்தை அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தச் செடிக்கு உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். குளிர்ச்சி வேண்டும். அதை நம் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் யாராலும் கொடுக்க முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பத்தில் பான்சி உடனே சாவதில்லை. நடுப்பகலில் இலைகள் துவளும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே துவளும். வெயிலில் இலை இழக்கும் நீரை, சூடேறிய மண்ணில் உள்ள வேர் அதே வேகத்தில் எடுத்துக்கொடுக்க முடியாததே காரணம். மாலையில் தானாகத் தேறிவிடும். ஆனால் துவண்ட செடியைப் பார்த்ததும் வீட்டிலுள்ளவர் ஒரு சொம்பு நீர் ஊற்றுகிறார். மறுநாளும் அப்படியே. சூடான மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றோட்டம் இல்லாமல் போகிறது, வேரழுகல் பூசணம் புகுந்துவிடுகிறது. ஆக, வெயில் பாதி கெடுத்ததைத் தண்ணீர் முழுவதுமாகக் கெடுக்கிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்றக்கூடாது. இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டாலே பல செடிகள் பிழைக்கும்.

ஒரே பெயரில் பல செடிகள்

நர்சரியில் 'வயலட்' என்று கேட்டால் மூன்று வேறு வேறு செடிகளில் ஏதாவது ஒன்று கிடைக்கும். முதலாவது, மணமுள்ள உண்மையான வயலட். தாவரவியலில் வயோலா ஒடோரேட்டா என்பார்கள். இரண்டாவது பான்சி, மற்றும் அதன் சிறு பூ வகையான வயோலா. இவையும் அதே இனத்தைச் சேர்ந்தவைதான். மூன்றாவது ஆப்பிரிக்க வயலட். பூவின் நிறத்தைத் தவிர முதல் இரண்டுக்கும் இதற்கும் உறவே இல்லை, குடும்பமே வேறு. வளர்க்கும் முறையும் ஏறக்குறைய நேர் எதிரானது. முதல் இரண்டுக்கும் திறந்தவெளியும் குளிரும் வேண்டும். மூன்றாவதற்கு வீட்டுக்குள் நிழலும் மிதமான வெப்பமும் வேண்டும். எது நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் பராமரித்தால் செடி வீணாகும்.

அடையாளம் எளிது. இலை இதய வடிவில், வல்லாரை போலத் தரையோடு ஓடுதண்டு விட்டுப் படர்ந்தால் அது மண வயலட். இலை நீண்டு, ஓரம் வெட்டுவெட்டாக, பூ அகன்று முகம் போல இருந்தால் பான்சி. இலை தடித்து, வெல்வெட்டுத் துணி போல மயிர் அடர்ந்து, வட்டமாக அடுக்கியிருந்தால் ஆப்பிரிக்க வயலட்.

மண வயலட்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சொந்தமாக நாலடி நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் இருக்கும். விதை வாங்கும் செலவில்லை. உறைபனியைத் தாங்கும். குளிர் மாதங்களில், வேறு பூக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பூக்கும்.

இதன் மணத்தைப் பற்றி ஒரு விஷயம். பூவை முகர்ந்த முதல் நொடியில் மணம் தூக்கலாக இருக்கும். அடுத்த நொடியில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். சற்றுப் பொறுத்து முகர்ந்தால் மறுபடியும் மணக்கும். பூவில் குறை ஒன்றும் இல்லை. இதிலுள்ள அயனோன் என்ற பொருள் நம் மூக்கின் உணர்வைச் சிறிது நேரம் மழுங்கச் செய்துவிடுகிறது. 1893ஆம் ஆண்டில் ஜெர்மன் வேதியியலார் டீமன், குரூகர் ஆகிய இருவரும் இந்தப் பொருளைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டனர். அதன் பிறகு வாசனைத் தொழிலுக்குப் பூவின் தேவை பெரிதும் குறைந்தது. இன்றும் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் துரெத் என்ற மலைக்கிராமத்தில் வயலட் பயிரிடுகிறார்கள். ஆனால் வாசனைத் தொழிற்சாலைக்குப் போவது அங்கே பெரும்பாலும் இலைதான்.

இந்தச் செடிக்கு மக்கு நிறைந்த, நீர் வடியும் மண் தேவை. நீலகிரி மண்ணில் மக்கு உண்டு. குறை என்னவென்றால் புளிப்புத் தன்மை அதிகம். மண வயலட் நடுநிலை மண்ணையே விரும்பும். மண் பரிசோதனை செய்து, கார அமில நிலை 5.5க்குக் கீழே இருந்தால் சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை டாலமைட் தூவிக் கொத்திவிட்டு, மூன்று வாரம் கழித்து நடலாம். விறகு அடுப்புச் சாம்பல் கிடைத்தால் அதையும் கொஞ்சம் கலக்கலாம்.

நடுவதற்கு ஏற்ற காலம் தென்மேற்குப் பருவமழையின் உக்கிரம் தணிந்த செப்டம்பர் மாதம். தாய்ச்செடியிலிருந்து ஓடி, கணுவில் வேர் விட்ட கன்றுகளைப் பிரித்தெடுத்து 25 முதல் 30 செ.மீ. இடைவெளியில் நடவேண்டும். இலைகள் கூடும் குருத்து மண்ணுக்குள் புதையக்கூடாது. புதைந்தால் அழுகும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம் சிறந்தது. பழமரத்தின் கிழக்குப்புறம், வீட்டுச் சுவரின் கிழக்கு ஓரம் போன்ற இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். அடர்ந்த நிழலில் இலை மட்டும் செழித்து நிற்கும், பூ இராது. தழைச்சத்து மிஞ்சினாலும் அதே கதிதான். ஆகவே யூரியா வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மக்கிய இலை எருவை ஒரு அங்குலம் கனத்துக்குப் பரப்பிவிட்டால் போதும்.

ஓடுதண்டுகளைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. விட்டுவிட்டால் பாத்தி முழுவதும் பாய் விரித்தாற்போல் படரும். பார்க்க அழகுதான். ஆனால் செடியின் சக்தி முழுவதும் ஓடுவதிலேயே செலவாகிப் பூ குறைந்துவிடும். பூ வேண்டுமென்றால் நடவுக்குத் தேவையான சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுப் பாத்தியையும் கிளறி, இளங்கன்றுகளைப் பொறுக்கி மறுநடவு செய்வது நல்லது.

மண வயலட்டில் இன்னொரு விந்தை உண்டு. குளிர் மாதப் பூக்கள் முடிந்தபின், இலைகளுக்கு அடியில் விரியாமலேயே இருக்கும் சிறு மொட்டுகள் தோன்றும். அவை மூடியபடியே தம்முள் மகரந்தச் சேர்க்கை முடித்துக் காய்த்துவிடும். மொட்டு கருகிவிட்டது என்று எண்ணி மருந்து தெளிக்கவேண்டாம். அவற்றின் விதையில் ஒட்டியுள்ள கொழுப்புச் சத்துக்காக எறும்புகள் விதைகளைத் தூக்கிச் செல்லும். தோட்டத்தில் நட்டிராத மூலையிலும் வயலட் முளைப்பதற்கு இதுவே காரணம். நாம் விதை மூலம் வளர்க்க முயல்வது வீண் வேலை. விதைக்கு நீண்ட குளிர் உறக்கம் தேவை. ஓடுதண்டுக் கன்று சில மாதங்களிலேயே வளர்ந்துவிடும்.

பான்சி: நாள்காட்டிதான் முக்கியம்

பான்சி பூ இயற்கையாகக் காட்டில் கிடைத்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் தோட்டக்காரர்கள் காட்டு வயோலாக்களைக் கலப்புச் செய்து உண்டாக்கியது. கேம்பியர் பிரபுவின் தோட்டக்காரர் வில்லியம் தாம்சன் இதில் பேர் பெற்றவர். பூவின் நடுவில் முகம் போன்ற கரும்படலம் இருப்பது அவர் காலத்தில் நிலைபெற்ற குணம். குளிர் நாட்டில் பிறந்த குணம் இன்றுவரை மாறவில்லை. பகல் 15 முதல் 20 டிகிரியும், இரவு 5 முதல் 10 டிகிரியும் இதற்கு மிகவும் உகந்தவை. பகல் 30 டிகிரியை எட்டினால் செடி தளர்ந்து, பூ பொத்தான் அளவுக்குச் சிறுத்துவிடும்.

சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையிலும், 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலிலும் கோடைக்காலம்கூட இச்செடிக்குப் பொருந்துகிறது. உதகை மலர்க்காட்சி 1896ஆம் ஆண்டில் தொடங்கியது. மே மாதக் காட்சியில் பான்சி தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு அந்தத் தட்பவெப்பமே காரணம். தோட்டக்காரர்களின் கைவண்ணம் அதற்கு அடுத்தபடிதான். ஓசூர் போன்ற மேட்டுநிலங்களில் செப்டம்பர் இறுதியில் விதைத்தால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பூ பார்க்கலாம். அதோடு முடிந்தது, மார்ச் மாதத்தில் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். சென்னை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி வாசகர்களுக்கு என் யோசனை, இதில் பணத்தைப் போடாதீர்கள் என்பதே.

மே மாதத்தில் பூ வேண்டும் என்றால் நீலகிரியில் டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் விதைத்துவிட வேண்டும். விதைத்ததிலிருந்து பூக்க 10 முதல் 14 வாரங்கள் என்று விதை உறையில் போட்டிருப்பார்கள். ஜனவரிக் குளிரில் நாற்று மெல்ல வளரும். ஆகையால் 16 வாரம் என்றே கணக்கிடுவது நல்லது. செப்டம்பர், அக்டோபர் மாதத்து இரண்டாம் பருவத்திற்கு ஜூன் மாதத்தில் விதைக்கலாம். அப்போது மழை அதிகம் என்பதால் நாற்றங்காலுக்குக் கூரை அவசியம்.

விதை மிகச் சிறியது. குழித்தட்டில், நன்கு கழுவி உப்பு நீக்கி மக்கவைத்த தென்னை நார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக இட்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் மூடவேண்டும். பான்சி விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். தட்டுகளை அடுக்கி, கறுப்புத் தாள் அல்லது ஈரச்சாக்கு போட்டு மூடிவைக்கவும். வெப்பம் 18 முதல் 20 டிகிரி இருந்தால் பத்து நாளில் முளை தெரியும். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். அதன் பிறகு எந்த உரமும் அதைக் குட்டையாக்காது.

நாற்றழுகல் நோய்தான் இந்தப் பருவத்தில் பெரும் எதிரி. ஒரு கூடை மக்கிய தொழு உரத்தில் ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நாற்றங்கால் கலவையில் சேர்ப்பது முன்னெச்சரிக்கை. நாற்று சாயத் தொடங்கிவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் இடக்கூடாது. தாமிர மருந்து அந்த நன்மை செய்யும் பூசணத்தையும் கொன்றுவிடும்.

நான்கைந்து இலை விட்டதும், ஐந்து அல்லது ஆறு வாரத்தில் நடலாம். பாத்தியில் 20 செ.மீ. இடைவெளியும், 15 செ.மீ. தொட்டிக்கு ஒரு செடியும் போதும். பான்சிக்கு மண்ணின் கார அமில நிலை 5.5 முதல் 6.2 வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் இளம் இலை வெளிறும், கறுப்பு வேரழுகல் நோயும் கூடும். ஆகவே இதற்கு மண வயலட்டுக்கு இடும் அளவில் சுண்ணாம்பு இடவேண்டாம். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் உறைபனிக்கு இளநாற்றுகள் கருகாமல் இருக்க மிலார் கொண்டு மூடும் பழைய நீலகிரி வழக்கம் இன்றும் சிறந்ததே.

வேர் பிடித்தபின் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கொடுக்கலாம். அது இல்லாதவர்கள் கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து பங்கு நீருடன் கலந்து ஊற்றலாம். வாடிய பூக்களை இரண்டு நாளுக்கு ஒருமுறை காம்போடு கிள்ளிவிட வேண்டும். காய் பிடிக்க விட்டால் அடுத்த மொட்டு வராது. இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்கள்; பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

தொட்டி விற்போருக்கு

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் சில சென்ட் நிலத்தில் பூந்தொட்டி வளர்த்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. சொந்த விதையைச் சேர்த்து வைத்தால் செலவு குறையுமே என்பது அவர்கள் எண்ணம். முதல் தலைமுறை வீரிய ஒட்டு விதையில் வந்த செடியின் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த பருவத்தில் நிறமும் அளவும் கலைந்துவிடும். ஒரே நிற வரிசை கேட்கும் விடுதிகளுக்கு அது உதவாது. நாட்டு ரகமாக, கலப்பு நிறமாக விற்பவர்கள் மட்டும் சேர்க்கலாம். இளங்காய் தலை குனிந்திருக்கும். முற்றியதும் நிமிரும். நிமிர்ந்த காய் மூன்றாகப் பிளந்து விதையைச் சிதறடித்துவிடும். ஆகையால் நிமிர்ந்தவுடன், வெடிக்கும் முன், காலையில் பறித்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் உலர்த்தவும்.

வாங்குபவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்பது நல்ல வியாபாரம் என்பது என் கருத்து. சமவெளிக்காரர் என்றால் பான்சியைக் காட்டாமல், கீழே தாங்கக்கூடிய வேறு செடியைக் கொடுக்கலாம். இரண்டு வாரத்தில் செடி செத்தால் அவர் மறுமுறை எந்தச் செடியும் வாங்கமாட்டார். விடுதிச் சமையலறைகளில் பான்சி இதழ்களை உணவின் மேல் அலங்காரமாக வைக்கும் வழக்கமும் வந்துள்ளது. மருந்து தெளித்த அலங்காரத் தொட்டியின் பூவை இதற்குக் கொடுக்கவே கூடாது. அதற்கென்று தனிப் பாத்தி வேண்டும்.

பூச்சிகள்

வறண்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் செஞ்சிலந்தி இலையின் அடியில் சேரும். இலை புள்ளி புள்ளியாக வெளுக்கும். காலை நேரத்தில் இலையின் அடிப்புறம் நனையுமாறு நீரைப் பீய்ச்சுவதே முதல் மருந்து. அடங்காவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம். சாம்பல் நோய்க்கும் இதுவே போதும். வெயில் ஏறிய நேரத்தில் தெளித்தால் இலை கருகும். அசுவினிக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கவும். மழைக்காலத்தில் நத்தைகள் ஓர் இரவில் ஒரு பாத்தியை முடித்துவிடும். மாலையில் ஈரச்சாக்கை விரித்துவைத்து, காலையில் புரட்டிப் பொறுக்கி அழிப்பது செலவில்லாத வழி.

ஒரு புழுவை மட்டும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீலகிரி, பழனி மலைகளில் பிரிட்டிலரி என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. மேற்கு மலைத்தொடரின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் காணப்படாத இனங்கள் அவை. அவற்றின் முட்கள் கொண்ட புழுவுக்கு உணவு, இம்மலைகளில் இயற்கையாக வளரும் காட்டு வயலட் இலைதான். புல்வெளிகள் குறைந்ததால் காட்டு வயலட்டும் குறைந்துவிட்டது. தோட்டத்து வயலட்டில் அப்புழு தென்பட்டால் நாலைந்து இலை போவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

சமவெளிக்கு ஆப்பிரிக்க வயலட்

கோவை, சேலம் வாசகர்களுக்கு 'வயலட்' என்ற பெயரில் ஏதாவது வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. 1892ஆம் ஆண்டில், இன்றைய தான்சானியாவின் உசம்பரா மலைக்காட்டில் ஜெர்மன் அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் என்பவர் இதைக் கண்டெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மறு ஆண்டு அவர் பெயரையே செடிக்கு இட்டனர். பாறை இடுக்கில், மரநிழலில் வளர்ந்த செடி இது. 18 முதல் 27 டிகிரி வரை சுகமாக இருக்கும். 30க்கு மேல் பூப்பதை நிறுத்தும், ஆனால் சாகாது.

கிழக்கு ஜன்னல் ஓரம் ஏற்ற இடம். நேர் வெயில் படக்கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் வீட்டில் குடிநீர்ப் பானை வைக்கும் குளிர்ச்சியான மூலைக்கு, வெளிச்சம் இருந்தால், மாற்றிவிடலாம். தென்னை நார்க் கழிவு, மக்கிய இலை எரு, பெர்லைட் மூன்றையும் சம பங்காகக் கலந்த இலகுவான கலவையும் சிறிய தொட்டியும் போதும். தொட்டி பெரிதானால் வேர் அழுகும்.

நீரை மேலே ஊற்றக்கூடாது. இலையின் வெப்பத்தைவிடக் குளிர்ந்த நீர் துளி பட்டாலும் அந்த இடம் வெளுத்து வளையம் வளையமாகத் தழும்பு விழும். தட்டில் அறை வெப்பத்திலுள்ள நீரை ஊற்றித் தொட்டியை அதில் அரைமணி நேரம் வைத்து, மிச்ச நீரைக் கொட்டிவிட வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் ஆகாது. மழைநீர் பிடித்து வைத்தால் மிகவும் நல்லது.

ஒரு செடி இருந்தால் பத்துச் செடி செய்யலாம். முற்றிய இலையை மூன்று செ.மீ. காம்போடு நறுக்கி, காம்பு மட்டும் மண்ணில் இருக்குமாறு சாய்த்து ஊன்றி, கண்ணாடிக் குவளையால் மூடவும். நான்கு வாரத்தில் வேர் விடும். இரண்டு மூன்று மாதத்தில் அடியில் குட்டிச்செடிகள் எழும். அவற்றைப் பிரித்து நட்டால் எட்டுப் பத்து மாதத்தில் பூக்கும்.

நம் வயல் வரப்பில் ஒரு வயலட்

வயலட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி நம் செம்மண் மானாவாரி நிலங்களிலேயே இருக்கிறது. அதுதான் ஓரிதழ் தாமரை. ஒரு இதழ் மட்டும் பெரிதாகி இளஞ்சிவப்பாகத் தொங்க, மற்ற இதழ்கள் கண்ணுக்குத் தெரியாதபடி சிறுத்திருப்பதால் அந்தப் பெயர். வெயிலைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. சித்த மருத்துவத்துக்காக வேரோடு பிடுங்கிச் செல்வதாலும், களைக்கொல்லிகளாலும் பல ஊர்களில் இது அரிதாகிவிட்டது. மருந்துக்காக உட்கொள்ள நினைப்பவர்கள் சித்த மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும்.

பழுத்த காய் வெடிக்கும் முன் சேகரித்து, உலர்த்தி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது மணல் கலந்து மேலாகத் தூவினால் தொட்டியிலும் வளரும். எரு அதிகம் வேண்டாம். முழு வெயில் படும் மொட்டைமாடியே போதும். முதல் ஆண்டில் ஒன்றிரண்டு செடிகளை விதைக்கென்று பறிக்காமல் விட்டுவைக்கவும்.